பெரிய தாத்தா பேசணும், ஆமென்

ஜூன் 2, ஞாயிறு

இன்று குடும்ப ஜெபத்தில் சின்னவளின் முறை. வழக்கம்போலத்தான் ஆரம்பித்தாள். "இயேசப்பா, இந்த நாளுக்காக நன்றி. அம்மா, அப்பா, அண்ணன், தாத்தா, பாட்டி எல்லாரையும் காத்துக்கோங்க." அதோடு முடிப்பாள் என்று நினைத்தோம். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "பெரிய தாத்தா எங்க தாத்தாகிட்ட பேசணும். சீக்கிரம் பேசணும். ஆமென்."

எல்லாரும் ஆமென் சொன்னோம். மாமா, என் கணவரின் அப்பா, மட்டும் கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மாமாவும் அவருடைய அண்ணனும் பேசிக்கொள்வதில்லை. சொத்துப் பிரிவினையில் ஆரம்பித்த மனஸ்தாபம், என் கல்யாணத்துக்கு முந்தியது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நேற்று பழைய ஆல்பத்தைப் புரட்டும்போது சின்னவள் ஒரு படத்தைக் காட்டி, "தாத்தா மாதிரியே இருக்காங்களே, இது யாரு?" என்று கேட்டிருக்கிறாள். அத்தை உள்ளதைச் சொல்லியிருக்கிறார். கேட்டவள் இன்று அதை நேராக ஆண்டவரிடம் கொண்டுபோய்விட்டாள்.

ஜூன் 4, செவ்வாய்

நேற்றும் இன்றும் அதே ஜெபம், வார்த்தைகூட மாறவில்லை. என் கணவருக்குச் சங்கடம். "அப்பா மனசு கஷ்டப்படும். அவளை மனசுக்குள்ள ஜெபிக்கச் சொல்லேன்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டியபோது இயேசு விசனமடைந்தார் என்று வேதாகமத்தில் மாற்கு 10-ல் இருக்கிறது. நோயாளிகள் வந்து நெருக்கினபோது அவர் அப்படி ஆனதாகப் படித்ததில்லை. பிள்ளைகளை ஒதுக்கினபோது ஆனார். "தேவனுடைய ராஜ்யம் அப்படிப்பட்டவர்களுடையது" என்று அவர் சொன்னது அங்கேதான். இதைச் சொன்னதும் அவர் யோசித்தார். "சரி, அவள் ஜெபிக்கட்டும்" என்றார்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஜெப நேரத்துக்கு வராமலும் இருக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் பட்டது.

ஜூன் 7, வெள்ளி

பெரியவன் ஒரு கேள்வி கேட்டான். "நாம கேக்குறதுக்கு முன்னாடியே ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்னு மத்தேயு 6-ல இருக்கு. அப்புறம் எதுக்குமா கேக்கணும்?"

பதின்மூன்று வயதில் இப்படிக் கேட்கிறான் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்த வசனத்துக்கு அடுத்த வரியிலேயே இயேசு பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறார் என்பதைக் காட்டினேன். பிதாவுக்குத் தெரியும் என்று சொன்ன அதே வாய், ஆகவே கேளுங்கள் என்கிறது. தகவல் சொல்வதற்காக இருந்தால் ஜெபம் தேவையே இல்லை. பிள்ளை அப்பாவோடு பேசுவதற்குக் காரணம் வேண்டுமா?

அவன் போன பிறகு லூக்கா 11-ஐ எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நள்ளிரவில் சிநேகிதனுடைய கதவைத் தட்டுகிறவனின் உவமை. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், எல்லாம் வெளியே நின்று விடாமல் தட்டுகிறவனைப் பற்றித்தான். இன்று வேறொரு வரியில் கண் நின்றது. கதவு பூட்டியாயிற்று, என் பிள்ளைகள் என்னோடேகூடப் படுத்திருக்கிறார்கள் என்று உள்ளே இருப்பவன் சொல்கிறான். அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கதவைத் தட்ட வேண்டாம். பக்கத்தில் படுத்திருக்கும் அப்பாவைத் தொட்டு எழுப்பினால் போதும். சின்னவளின் ஜெபம் அந்த மாதிரி. அவள் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறாள்.

ஜூன் 11, செவ்வாய்

சின்னவள் இந்த நாட்களில் கேட்டவை: தொலைந்த ரப்பர் கிடைக்கணும். வேன் ஓட்டுகிற அங்கிளுக்கு இருமல் நிற்கணும். வாசலில் பார்த்த எறும்புகள் மழையில் நனையக் கூடாது. பெரிய தாத்தா பேசணும்.

ரப்பர் கிடைத்தது, பையின் அடியிலேயே இருந்தது. அவள் முதலில் நன்றி சொன்னாள், அப்புறம்தான் என்னிடம் காட்ட ஓடி வந்தாள். பிலிப்பியர் 4:6-ல் "எல்லாவற்றையுங்குறித்து" என்று பவுல் எழுதுகிறார். பெரியவர்கள் நாம் எதைக் கேட்கலாம், எது ஆண்டவரைத் தொந்தரவு செய்யும் என்று பிரித்து வைக்கிறோம். அவளுக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

பெரியவன் ஒரு நோட்டு போட்டிருக்கிறான். ஜார்ஜ் முல்லரைப் பற்றி நான் சொன்னதிலிருந்து வந்த யோசனை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836-ல் அநாதைப் பிள்ளைகளுக்காக வீடு திறந்தவர். 1898-ல் அவர் இறப்பதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த வீடுகளில் வளர்ந்தார்கள். பணம் வேண்டும் என்று மனிதர்களிடம் கேட்பதில்லை, ஆண்டவரிடம் மட்டும் கேட்பது என்று வைத்திருந்தார். கேட்டதையும் கிடைத்ததையும் எழுதி வைத்தார், கணக்கையும் ஒழுங்காக வெளியிட்டார். சில நண்பர்களின் மனந்திரும்புதலுக்காகப் பல பத்தாண்டுகள் விடாமல் ஜெபித்தவரும் அவரே. இந்தக் கடைசி விஷயம்தான் பெரியவனைப் பிடித்துக்கொண்டது. "அவ்வளவு வருஷமா? நிறுத்தவே இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டான். நோட்டின் முதல் வரியில் தங்கச்சியின் ஜெபத்தைத்தான் எழுதியிருக்கிறான். எதிரே பதிலுக்கான கட்டம் காலியாக இருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

இன்று கஷ்டமான நாள். சின்னவளின் உயிர்த்தோழி குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் அப்பாவுக்கு மாற்றல். "போகக் கூடாது" என்று இந்த வாரம் முழுக்க ஜெபித்திருந்தாள் சின்னவள். வண்டி கிளம்பியதும் என் புடவையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

"நான் கேட்டேனே" என்றாள். "ஆமா செல்லம், கேட்டே" என்றேன். அதற்கு மேல் ஒரு விளக்கமும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் துக்கத்தின் மேல் வசனத்தை எடுத்து மூடக் கூடாது என்பது என் எண்ணம்.

ராத்திரி ஏமி கார்மைக்கேலைப் பற்றிச் சொன்னேன். அயர்லாந்தில் சின்னப் பெண்ணாக இருந்தபோது, தன் பழுப்புக் கண்கள் நீலமாக மாற வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் படுத்தவர். காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்பு. பின்னால் இந்தியாவுக்கு வந்து, தமிழ்நாட்டின் டோனாவூரில் ஏராளமான பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார். இந்த மக்களின் நடுவே பழுப்புக் கண்ணே அவருக்கு உதவியாக இருந்தது. சின்னவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவங்க அன்னைக்கு அழுதாங்களா?" என்றாள். அழுதிருப்பார் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். அவளுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தை நினைக்கிறேன். "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும்" என்று ஆரம்பித்து, பாடுகளின் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று வெளிப்படையாகக் கேட்டுவிட்டு, உம்முடைய சித்தத்தின்படியே என்று முடித்தார் ஆண்டவர். பிள்ளையைப்போல ஜெபித்தவர்களில் அவரே முதல்வர். அவர் விலகக் கேட்ட பாத்திரமும் விலகவில்லை. இல்லை என்ற பதில் வந்த வீட்டில் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

தூங்கப் போகும் முன் அவளாகவே ஜெபித்தாள். "இயேசப்பா, அவளுக்கு அங்க ஒரு நல்ல ஃபிரெண்டு குடுங்க." அப்புறம், "பெரிய தாத்தா பேசணும்."

ஜூன் 23, ஞாயிறு

சாயங்காலம் ஃபோன் அடித்தது. சின்னவள்தான் எடுத்தாள். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, ரிசீவரை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். "தாத்தா! பெரிய தாத்தா பேசுறாங்க!"

"விளையாடாதேடி" என்றார் அத்தை. "வேற யாராவது பெரியவங்களா இருக்கும், பேரைக் கேட்டியா?" என்றார் என் கணவர். நானும் நம்பவில்லை. அவள் காலைத் தரையில் உதைத்து, "அவங்கதான்! என் பேரைக் கேட்டாங்க, தம்பி இருக்கானான்னு கேட்டாங்க" என்று சாதித்தாள்.

அப்போஸ்தலர் 12-ல் பேதுரு சிறையில் இருக்கிறார், சபை ஊக்கமாக ஜெபிக்கிறது. தேவதூதன் விடுவித்ததும் பேதுருவே வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்கிற பெண் அவர் சத்தத்தை அறிந்து, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமல் உள்ளே ஓடிச் சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்களோ, "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதுதான் இன்று நடந்தது.

மாமா எழுந்து வந்தார். ரிசீவரை எடுத்து, "அண்ணே" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் அந்தப் பக்கம் பேச்சு, இந்தப் பக்கம் "ம்" மட்டும். பெரிய மாமாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி குறித்திருக்கிறார்களாம். அதற்கு முன் தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதாம். இது தற்செயல் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு வாதாட மாட்டேன். எங்கள் பிள்ளை யாரிடம் கேட்டாள் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஜூன் 26, புதன்

வரும் சனிக்கிழமை பெரிய மாமா இங்கே வருகிறார். சொத்து விவகாரம் தீர்ந்துவிடவில்லை, பத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. அத்தைக்கு அதை நினைத்துக் கொஞ்சம் பயம்.

இன்று குடும்ப ஜெபத்தில் மாமா தானாகவே, "நான் பண்றேன்" என்றார். அண்ணனைப் பேர் சொல்லி, அவர் கண்ணுக்காக ஜெபித்தார். பிறகு, "நான் கோபப்படாம பேசக் கிருபை தாரும்" என்று கேட்டார். பெரியவன் தன் நோட்டில் முதல் கட்டத்தை நிரப்பிவிட்டு, அதற்குக் கீழே தாத்தாவின் ஜெபத்தையும் தேதி போட்டு எழுதினான்.