துரிசு இறங்கும் மண்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, களியல் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு மழைக்கு முன்னால் மருந்து அடிப்பது பழகிப்போன வேலை. அடிக்காமல் விட்டால் இலை உதிர்ந்து பால் குறையும், அதனால் அடிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மருந்திலிருந்து மழையில் கழுவிக்கொண்டு மண்ணில் இறங்கும் துரிசு (மயில்துத்தம்) என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை, அதுதான் என் ஆதங்கம்.

துரிசில் இருப்பது செம்பு. அது தனிமம் என்பதால் எத்தனை வருஷமானாலும் சிதையாது, மேல்மண்ணின் மட்கில் ஒட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டே போகும். துரிசும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை 1885-இல் பிரான்சில் திராட்சைக்காக வந்தது, அங்கே பழைய தோட்டங்களில் செம்பு சேர்ந்து கிடப்பது இன்றும் பெரிய பிரச்சினை.

இப்படிச் சேரும் செம்பு மண்ணை எப்படிக் கெடுக்கிறது என்று பாருங்கள். சருகில் இருக்கும் பாஸ்பரஸ் என்ற சத்து பெரும்பாலும் அப்படியே வேருக்குப் போய்ச் சேராது, பாஸ்பட்டேஸ் என்ற நொதி அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நொதி என்பது புரதம். அதில் கந்தகம் இருக்கும் இடங்களில் செம்போ காட்மியமோ பாதரசமோ போய் ஒட்டினால் அதன் வடிவமே கெட்டு வேலை நின்றுவிடும், போதாததற்கு நொதியைச் சுரக்கும் நுண்ணுயிர்களும் குறையும். நம்முடைய செம்மண்ணும் சரலும் அமிலத்தன்மை கூடியவை, அந்த மாதிரி மண்ணில் செம்பு எளிதாகக் கரைந்து வெளியே வரும்.

மண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நுண்ணுயிர்களின் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியை அளக்கும் சோதனை உண்டு. டிடிசி என்ற நிறமற்ற உப்பை மண்ணோடு கலந்து 37 டிகிரியில் ஒரு நாள் வைத்து, மெத்தனால் ஊற்றி வடித்தால் நல்ல மண் சிவப்பாக இறங்கும். ஆனால் செம்பு ஏறிய மண்ணில் அந்தச் சிவப்பையே செம்பு குறைத்துக் காட்டும், அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பக் கூடாது.

மண்வள அட்டையில் செம்பு போதுமானதா, குறைவா என்றுதான் வரும், கூடிவிட்டதா என்று வராது. பழைய ரப்பரை வெட்டிவிட்டு மறுநடவு செய்யும்போது ஊடே வாழையோ அன்னாசியோ வைக்கிறோம் இல்லையா, அதற்கு முன்னால் மேல்மண்ணில் மொத்தச் செம்பு எவ்வளவு என்று கேட்டுப் பரிசோதித்துவிடுங்கள். முக்கியமாக, மருந்து கலக்கும் டிரம் வைத்த இடத்தில் மண் நீலம் பாய்ந்து கிடக்கும் பாருங்கள், அந்த மண்ணைத் தனியாக எடுத்துக் கொடுங்கள்.