போன் போனது, கருவி நிலைத்தது

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்குச் செயலி எழுதியவன் நான் என்று சொன்னால் என்னோடு வேலை பார்க்கும் இளையவர்கள் சிரிக்கிறார்கள். அப்படி ஒரு போன் இருந்ததா என்றே சிலர் கேட்டிருக்கிறார்கள். இருந்தது. அதற்கு எழுதியபோது கிடைத்த சுகம் வேறு எந்தத் தளத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2010 அக்டோபரில் விண்டோஸ் போன் 7 வந்தது. ஐபோனின் ஆப் ஸ்டோர் திறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது, ஆண்ட்ராய்டும் வேகமெடுத்துக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் பழைய விண்டோஸ் மொபைலை மொத்தமாக ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. பழைய செயலி எதுவும் புதிய போனில் ஓடாது. ஆனால் டெவலப்பர் கருவிகளை இலவசமாகத் தந்தார்கள். சாதாரணச் செயலிக்கு சில்வர்லைட், விளையாட்டுக்கு எக்ஸ்என்ஏ என்று இரண்டு அடித்தளங்கள், இரண்டிலும் எழுதும் மொழி சி ஷார்ப். அந்த மொழி ஓடும் மைக்ரோசாஃப்டின் டாட் நெட் தளத்தில் அலுவலக மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களுக்குப் புதிதாக ஒரு மொழி படிக்கும் வேலை இல்லை. நிரல் எழுதும் விஷுவல் ஸ்டூடியோவைத் திறந்தோம், எழுதினோம், அவ்வளவுதான்.

கணினித் திரையிலேயே போனைப் போல நடிக்கும் எமுலேட்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அன்றைய ஆண்ட்ராய்டு எமுலேட்டர் போனின் ஏஆர்எம் சிப்பையே கணினிக்குள் நடித்துக் காட்டும். அதனால் ஒவ்வொரு அசைவும் இழுத்துப் பறித்துத்தான் நடக்கும். விண்டோஸ் போன் எமுலேட்டர் கணினியின் சொந்த சிப்புக்கென்றே தொகுக்கப்பட்டது. எஃப்5 விசையைத் தட்டினால் செயலி உடனே திரையில் நிற்கும். நாள் முழுக்க எழுதி எழுதி ஓட்டிப் பார்ப்பவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதில் டூம்ப்ஸ்டோனிங் என்று ஒரு சங்கதி உண்டு. பயனர் செயலியைவிட்டு வெளியே போனால் போன் அதைக் கொன்றுவிடும். அவர் பின்செல்லும் பொத்தானை அழுத்தித் திரும்பி வரும்போது, எதுவுமே நடக்காதது போல அதே பக்கத்தில், பாதி நிரப்பிய அதே படிவத்தோடு நாம் எழுந்து நிற்க வேண்டும். வெளியேறும்போது எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும், திரும்பும்போது எதை முதலில் மீட்க வேண்டும் என்பதெல்லாம் நம் பொறுப்பு. 2011ல் வந்த 7.5 பதிப்பில் உடனே கொல்லாமல் உறங்க வைத்தார்கள், நினைவகம் போதாதபோதுதான் கொலை. இதனால் ஒரு புதுச் சிக்கல் வந்தது: சோதிக்கும்போது செயலி சாகாமலே இருக்கும், பயனர் கையில்தான் சாகும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ப்ராஜெக்ட் பண்புகளில் ஒரு கட்டத்தை டிக் செய்துவிட்டால் பிழைத்திருத்தத்தின்போது ஒவ்வொரு முறையும் கொன்று காட்டும். டெவலப்பரின் மேசையருகே உட்கார்ந்து பார்த்தவர்தான் அப்படி ஒரு கட்டத்தை வைக்க முடியும்.

கருவியில் இவ்வளவு அக்கறை காட்டிய நிறுவனம் தளத்தை மட்டும் நிலையாக விட்டதில்லை. நோக்கியாவின் லூமியா 900 அமெரிக்காவில் 2012 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. ஜூனில் விண்டோஸ் போன் 8 அறிவிப்பு. போனின் உள்மையமான கர்னலில் சிறு கருவிகளுக்கான சிஇ-யை எடுத்துவிட்டு, கணினி விண்டோஸின் என்டி-யை வைத்தார்கள். பொறியியலாகப் பார்த்தால் சரியான முடிவுதான். ஆனால் இருக்கிற எந்தப் போனுக்கும் அது ஏறாது என்றார்கள், இரண்டு மாதப் புதுப் போன் உட்பட. பழைய போன்களுக்கு ஆறுதலாக 7.8 என்று ஒரு பதிப்பு கிடைத்தது. டெவலப்பர் பக்கமும் செலவுதான்: புதிய எமுலேட்டர் ஹைப்பர்-வி என்ற மெய்நிகர் கணினி வசதியைக் கேட்டது, அதற்கு விண்டோஸ் 8 ப்ரோ வேண்டும், அதைத் தாங்கும் சிப்பும் வேண்டும். அப்புறம் 8.1ல் செயலி எழுதும் முறையே மாறியது. விண்டோஸ் 10 வந்தபோது இன்னொரு முறை. ஒவ்வொரு தடவையும் புதுக் கருவி பழையதைவிட நன்றாகவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பேர் மூட்டை கட்டினார்கள்.

விண்டோஸ் போன் தோற்றதற்குப் பெரிய செயலிகள் வராததுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். இன்ஸ்டாகிராம் 2013 நவம்பரில்தான் வந்தது, அதுவும் பீட்டா என்ற சோதனைப் பதிப்பாக. மைக்ரோசாஃப்ட் தானே எழுதிய யூடியூப் செயலியை அதே ஆண்டு கூகுள் தடுத்தது. ஆனால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பெரிய நிறுவனங்கள் வராத கடையைச் சிறிய டெவலப்பர்கள்தான் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீடு மாற்றச் சொன்னால் வாடகைக்காரர் வேறு தெருவைப் பார்க்கத்தான் செய்வார்.

நோக்கியாவின் போன் தொழிலை 2014 ஏப்ரலில் வாங்கி முடித்தார்கள். 2015 ஜூலையில் 760 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதினார்கள். 7,800 பேர் வரை வேலை இழப்பார்கள் என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. அன்று என் குழுவில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. எங்கள் வாடிக்கையாளர் அதற்கு முன்பே விண்டோஸ் பதிப்பு வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

சரி, கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, காரணம் ஸாமரின். மைக்ரோசாஃப்டின் டாட் நெட்டை லினக்ஸில் ஓட வைக்க வெளியாட்கள் தொடங்கிய மோனோ திட்டத்தின் பிள்ளை அது. மோனோ குழுவுக்கு 2011 மே மாதம் வேலை போனது. மோனோவைத் தொடங்கிய மிகேல் டி இகாஸாவும் அவருடைய பழைய கூட்டாளி நாட் ஃப்ரீட்மனும் அதே மாதத்தில் ஸாமரின் என்ற தனி நிறுவனம் தொடங்கினார்கள். சி ஷார்ப்பில் எழுதி ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ஓட்டலாம். ஆனால் அன்று பிசினஸ் உரிமம் ஒரு டெவலப்பருக்கு, ஒரு தளத்துக்கு, ஆண்டுக்கு 999 டாலர். சிறிய குழுக்கள் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். 2016 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்குவதாக அறிவித்தது, மார்ச் கடைசியில் விஷுவல் ஸ்டூடியோவோடு இலவசம் என்றது. சொந்தப் போன் தோற்றுப்போன பிறகுதான் அடுத்தவர் போனுக்குக் கருவி செய்யும் மனசு முழுதாக வந்தது. தர்மம் எல்லாம் இல்லை: செயலி எந்தப் போனில் ஓடினாலும் அதற்குப் பின்னால் ஒரு சர்வர் வேண்டும், அது மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையான அஸூரில் இருந்தால் போதும். கணக்கு தெளிவாக இருந்ததால்தான் எனக்கு அதில் நம்பிக்கை வந்தது.

ஸாமரினில் வேலை விண்டோஸ் போன் அளவுக்குச் சுகமில்லை. ஐபோனில் செயலி ஓடும்போதே புதிதாக நிரலை உருவாக்க ஆப்பிள் விடாது, எல்லாவற்றையும் முன்கூட்டியே தொகுக்க வேண்டும், அதற்கு ஒரு மேக் வேண்டும். செயலியின் அளவைக் குறைக்க, லிங்கர் என்ற கருவி பயன்படாத நிரலை வெட்டித் தள்ளும். பெயரை வைத்துத் தேடி அழைக்கப்படும் வகுப்பு அதன் கண்ணுக்குப் பயன்படாததாகத்தான் தெரியும். நாங்கள் சோதிக்கும் டீபக் பதிப்பில் ஓடும், பயனருக்குப் போகும் வெளியீட்டுப் பதிப்பில் விழும். 'இதைத் தொடாதே' என்று வகுப்பின் தலையில் எழுதி வைப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் வரி கணக்கிடும் பகுதி, தரவு ஒத்திசைவு என்று செயலியின் மூளை முழுவதும் எல்லாப் போனுக்கும் ஒரே நிரல். அதில் கொஞ்சம் விண்டோஸ் போன் காலத்தில் எழுதியது, மாற்றமே இல்லாமல் ஐபோனில் ஓடுகிறது.

ஸாமரினுக்கான ஆதரவும் 2024 மே 1ல் முடிந்தது. அதன் வாரிசு மாவி 2022லேயே வந்துவிட்டது. எங்கள் குழுவில் பாதிப் பேர் கூகுளின் போட்டிக் கருவியான ஃப்ளட்டருக்குப் போய்விடலாம் என்றார்கள். திரைகளை எப்படியும் திருத்தி எழுதத்தான் வேண்டும், ஆனால் மூளையை ஃப்ளட்டருக்கான டார்ட் மொழியில் மறுபடி எழுதிச் சோதிக்க யாரிடமும் நேரமில்லை. நான் மாவிக்குத்தான் வாக்களித்தேன். இப்போது ஒவ்வொரு திரையாக மாற்றிக்கொண்டிருக்கிறோம், பட்டியல் திரைகள்தான் இன்னும் கொஞ்சம் தகராறு.