அப்பா சைக்கிளுக்கு எத்தனை பல்?

ஜூன் 3

அப்பாவின் சைக்கிளில் மாட்ட மோட்டார் கிட் வந்துவிட்டது. 24 வோல்ட், 250 வாட், எம்ஒய்1016இசட் என்ற மாடல். பேட்டரி சைக்கிளுக்குச் சட்டம் போட்டிருக்கும் கோடும் 250 வாட், மணிக்கு 25 கி.மீ. வேகம்தான், அதனால் பெரிய மோட்டார் பக்கம் போகவில்லை. மோட்டார் நிமிடத்துக்கு 2650 சுற்று. உள்ளேயே 9.78க்கு ஒன்று என்று குறைத்து, சுமார் 271 சுற்றாக வெளியே தருகிறது. அதன் முனையில் 9 பல் சக்கரம். அதிலிருந்து செயின் போய் மாட்டும் பின் சக்கரத்துப் பல் சக்கரத்தை, அதாவது ஃப்ரீவீலை, நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் பல் கூடினால் வேகம் குறையும், இழுவை கூடும். கிட்டோடு வந்தது 18 பல்.

ஜூன் 5

சித்தப்பா பையன் 14 பல் போடச் சொல்கிறான். 28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 2.2 மீட்டர் ஓடும். கணக்குப்படி 14 பல்லுக்கு 23 கி.மீ., 18க்கு 18 கி.மீ., 22க்கு பதினாலரை. "பதினாலரையா? நடந்தே போயிடலாம்ணே" என்கிறான். பூக்கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ரயில்வே மேம்பாலம் ஏறப்போவது அப்பா, அவன் இல்லையே.

ஜூன் 8

ஞாயிறு, பாலத்தில் கூட்டமில்லை. ஆம்ப் மீட்டரை ஹேண்டில்பாரில் கட்டி, கூடையில் செங்கல் வைத்து ஏறிப் பார்த்தேன். 14 பல்லில் பாதி ஏற்றத்திலேயே முள் 16க்குப் போய் அசையாமல் நின்றது. மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் அதற்கு மேல் விடாது. வண்டி துவள, மோட்டாரின் குரல் கம்மியது. இறங்கித் தொட்டால் கை வைக்க முடியாத சூடு. இந்த மோட்டார் நாள் முழுக்கத் தாங்கும் கரண்ட் 13.7 ஆம்ப்ஸ்தான். 18 பல்லில் 15 ஆம்ப்ஸ் வாங்கியது. ஏறிவிடும், ஆனால் தினமும் என்றால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் தாங்காது.

ஜூன் 11

சைக்கிள் கடை அண்ணன் பழைய டப்பாவைத் துழாவி 22 பல் ஃப்ரீவீல் ஒன்று எடுத்தார். "செயின்ல ஒரு ஜோடி கண்ணி சேக்கணும் தம்பி, இல்லேன்னா எட்டாது." சேர்த்தோம். அதே செங்கல், அதே பாலம்: பன்னிரண்டரை ஆம்ப்ஸ். உச்சி வரை குரல் மாறவில்லை.

ஜூன் 12

இன்று அப்பாவே ஓட்டினார். நான் யோசிக்காத ஒன்று அவர் காலுக்குத் தெரிந்தது. பெடல் பக்கத்துச் செயின் தனி: முன்னால் 44 பல், பின்னால் 18. பதினாலரை கி.மீ. வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 45 சுற்றுதான் சுற்றும், அது அவர் வழக்கமாக மிதிக்கும் வேகம். ஏற்றத்தில் மோட்டாரோடு சேர்ந்தே மிதித்தார், மீட்டர் பத்துக்கு இறங்கிவிட்டது. 14 பல் போட்டிருந்தால் 70 சுற்றுக்கு மேல் மிதித்தால்தான் கால் சேரும். அறுபது வயசுக்காரர் அப்படி மிதிப்பாரா?

"நல்லா இருக்குடா. ஹாரன் மட்டும் மாத்து" என்றார்.

சித்தப்பா பையன் 14 பல் ஃப்ரீவீலைத் தன் சைக்கிளுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் வழியில் பாலம் இல்லை, போடட்டும்.