போலீசையும் பையன்களையும் ஒரே வட்டத்தில் உட்காரவைக்க

ஒரே பகுதியின் போலீசும் இளைஞர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் சந்திப்புகள் பெரும்பாலும் கூடத்தில் கெடுவதில்லை, அதற்கு முந்தைய வாரங்களிலேயே கெட்டுவிடுகின்றன. அதனால் இரு தரப்பையும் முதலில் தனித்தனியே பார்க்கிறோம். கடைசியாக போலீஸ் நிறுத்தியபோது எது உறுத்தியது என்று இளைஞர்களைக் கேட்டால், நிறுத்தியதைவிட, எதற்கென்று சொல்லாததும் நண்பர்கள் முன்னால் ஒருமையில் பேசியதும்தான் வெளியே வரும். காவலர்களோ, நாலு பேர் கும்பலாக நிற்பதைப் பார்த்ததுமே உடம்பு இறுகிவிடுவதைச் சொல்வார்கள். இரண்டையும் பெயரில்லாமல் எழுதி வைத்துக்கொண்டால் பேச்சைத் தொடங்க அதுவே போதும்.

10 இளைஞர்கள், 5 காவலர்கள். அதற்கு மேல் போனால் கூச்சக்காரர்கள் வாயே திறக்க மாட்டார்கள். காவலர்கள் அதே தெருக்களில் ரோந்து போகிறவர்களாக இருக்கவேண்டும். பேச்சு வன்மை உள்ள ஒருவரை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்பார்கள்; மறுநாள் தெருவில் நிற்பவர் வேறொருவர். மேலதிகாரி கூடத்துக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள்.

இடம் ஸ்டேஷனாக இருக்க வேண்டாம். ஆயுதம் உள்ளே வரக் கூடாது. முதல் பாதி சாதாரண உடை, இடைவேளைக்குப் பின் சீருடை. கடைசிவரை சாதாரண உடையிலேயே நடத்தினால், 'இந்த அண்ணன் நல்லவர், போலீஸ்தான் மோசம்' என்ற எண்ணத்தோடு கலைந்துவிடுவார்கள்.

தொடங்கும்போதே சொல்லவேண்டிய விதி: நடந்த குற்றம் எதையும் இங்கே சொல்ல வேண்டாம். கேட்டதை ரகசியமாக வைப்பேன் என்று காவலரால் உறுதி தர முடியாது. இதைச் சொல்லாமல் விட்டால் எவனாவது வெள்ளந்தியாக உளறி மாட்டிக்கொள்வான். அடுத்த முறை அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள்.

பிறகு, தெருவில் நிறுத்தி விசாரிக்கும் காட்சியை வேடம் மாற்றி 15 நிமிடம் நடிக்கவேண்டும். பையன் போலீஸ், போலீஸ் பையன். முதலில் சிரிப்பாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள். முடிந்ததும், குரல் உயர்ந்ததற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டிருப்பார்கள், அல்லது பாக்கெட்டுக்குள் கை போயிருக்கும். முடிவு சாதகமா பாதகமா என்பதைவிடத் தாங்கள் நடத்தப்பட்ட விதத்தையே மக்கள் அதிகம் எடைபோடுகிறார்கள் என்று உளவியலாளர் டாம் டைலரின் ஆய்வுகள் காட்டுவதை இந்த விளையாட்டில் கண்ணால் பார்க்கலாம்.

ஆறு வாரத்தில் அதே ஆட்களை மீண்டும் கூட்டவேண்டும். இடமாற்றம் வந்த காவலர், தன் இடத்துக்கு வருபவரை நேரில் அழைத்துவந்து அறிமுகப்படுத்துவது நல்லது.

காவலர் அடித்ததாகப் புகார் எழுந்தால் வட்டத்தில் வைத்துச் சமரசம் பேசாதீர்கள். மருத்துவரிடம் காயத்தைப் பதிவுசெய்து, அந்த ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள புகார் அமைப்புக்கு எழுத்தில் கொடுக்கச் செய்யுங்கள்.