போர்க்கப்பல் கேள்விகள்: சிடிஎஸ் தேர்வுக்கும் எஸ்எஸ்பி நேர்முகத்துக்கும் எப்படிப் படிப்பது?

முப்படை அதிகாரிப் பணிக்கான சிடிஎஸ் தேர்வின் பொது அறிவுத் தாளிலும் டிஎன்பிஎஸ்சி நடப்பு நிகழ்வுகளிலும் கடற்படையைப் பற்றி வரும் கேள்விகள் சிலதான். ஆனாலும் நன்றாகப் படித்தவர்கள்கூடக் கோட்டை விடும் இடம் அது. ஐம்பது அறுபது கப்பல் பெயர்களை வரிசையாக எழுதி வைத்து உருப்போடுவதுதான் காரணம். ஒரு மாதம் போனால் எந்தக் கப்பல் நாசகாரி (டெஸ்ட்ராயர்), எது அதைவிடச் சற்றுச் சிறிய பிரிகேட் என்பதே குழம்பிவிடும். சிடிஎஸ்ஸில் தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிகிறது. அரைகுறை நினைவை நம்பி விடை குறித்தால் கையில் இருந்த மதிப்பெண்ணும் போய்விடும்.

கப்பலைப் படிக்காதீர்கள், ரகத்தைப் படியுங்கள். நோட்டில் ஒரு ரகத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். திட்ட எண், கட்டிய கப்பல் கட்டும் தளம், மொத்தம் எத்தனை கப்பல், முதல் கப்பல் படையில் சேர்ந்த ஆண்டு, எடை, இயந்திர அமைப்பு, முக்கிய ஆயுதம் என்ற ஏழு விவரம் அந்தப் பக்கத்தில் இருந்தால் போதும். நாசகாரிக் கப்பல்களை எடுத்துக்கொள்வோம். திட்டம் 15-இல் டெல்லி, மைசூர், மும்பை. அது வளர்ந்து 15ஏ ஆனபோது கொல்கத்தா (2014), கொச்சி (2015), சென்னை (2016). 15பி-யில் விசாகப்பட்டினம் (2021), மோர்முகாவ் (2022), இம்பால் (2023), சூரத் (2025). பத்தையும் கட்டியது மும்பை மசகான் தளம். 15ஏ, 15பி இரண்டிலும் ஒவ்வொரு கப்பலுக்கும் 16 பிரமோஸ் தாக்குதல் ஏவுகணைகள், 32 பராக்-8 வான் பாதுகாப்பு ஏவுகணைகள். இந்த ஒரே பக்கத்திலிருந்து நான்கைந்து விதமாகக் கேள்வி கேட்க முடியும். பக்கம் மனதில் இருந்தால் எப்படிக் கேட்டாலும் விடை வரும்.

பெயர் வைக்கும் முறையும் உதவும். புதிய கப்பல்களைப் பொறுத்தவரை நகரத்தின் பெயர் இருந்தால் நாசகாரி. மலையின் பெயர் இருந்தால் பிரிகேட்: சிவாலிக், சாத்பூரா, சஹ்யாத்ரி, அவற்றுக்கு அடுத்து வந்த 17ஏ திட்டத்தின் நீலகிரி, உதயகிரி, ஹிம்கிரி. கமோர்டா, கட்மத், கில்தான், கவரத்தி என்று தீவின் பெயர் இருந்தால் பிரிகேட்டைவிடச் சிறிய நீர்மூழ்கி எதிர்ப்பு கொர்வெட். தல்வார் ரகப் பிரிகேட்டுகளில் தல்வார் முதல் துஷில், தமால் வரை எட்டும் 'த' வரிசையில் தொடங்கும். பழைய கப்பல்களில் இந்த விதி செல்லாது. பிரம்மபுத்திரா, பேட்வா, பியாஸ் மூன்றும் ஆற்றுப் பெயர்கள், ஆனால் பிரிகேட்டுகள்.

17ஏ-யில் இன்னொரு பொறி உண்டு. ஏழு கப்பல்களையும் ஒரே தளம் கட்டவில்லை. நான்கு மசகானுக்கும் மூன்று கொல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்துக்கும் போயின. 'பொருத்துக' வகைக் கேள்விக்கு இது தோதான இடம்.

அடுத்த சிக்கல் தேதிகள். ஒரு போர்க்கப்பலுக்கு நான்கு தேதிகள் உண்டு: அடிக்கட்டை இடுவது, நீரில் இறக்குவது, கடற்படையிடம் ஒப்படைப்பது, படையில் சேர்ப்பது. நாளிதழ்கள் நான்குக்கும் பெரிய தலைப்புப் போடும். இம்பால் கப்பல் 2019 ஏப்ரலில் நீரில் இறங்கியது, 2023 அக்டோபரில் ஒப்படைக்கப்பட்டது, 2023 டிசம்பர் 26 அன்று படையில் சேர்ந்தது. 'இம்பால் படையில் சேர்ந்த ஆண்டு எது' என்ற கேள்விக்கு 2019-ஐ விடையாகக் குறித்தவர் செய்தியைப் படித்தவர்தான். எந்தக் கட்டத்தின் செய்தி என்று கவனிக்காததால் தவறவிட்டார். படையில் சேரும்வரை பெயருக்கு முன்னால் ஐஎன்எஸ் சேராது. அதுவரை தளத்தின் எண்தான் அடையாளம். இம்பாலுக்கு அது யார்ட் 12706. செய்தியில் யார்ட் எண் வந்தால் கப்பல் இன்னும் படையில் சேரவில்லை என்று புரிந்துகொள்ளலாம். 2025 ஜனவரி 15-ஐத் தனியாகக் குறித்து வையுங்கள். சூரத், நீலகிரி, வாக்‌ஷீர் என்று ஒரு நாசகாரி, ஒரு பிரிகேட், ஒரு நீர்மூழ்கி மூன்றும் ஒரே நாளில் மும்பையில் சேர்ந்தன.

பெயர்கள் திரும்பவும் வரும். விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்த் என்றால் 1961-இல் சேர்ந்து 1997-இல் ஓய்வு பெற்ற பிரிட்டிஷ் கட்டுமானமா, 2022 செப்டம்பர் 2-இல் கொச்சியில் சேர்ந்த உள்நாட்டுக் கப்பலா என்று கேள்வியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கல்வாரியும் இரண்டு. 1967 டிசம்பர் 8-இல் சேர்ந்தது நம் முதல் நீர்மூழ்கி. நீர்மூழ்கி நாள் டிசம்பர் 8-இல் வருவது அதனால்தான். 2017-இல் சேர்ந்தது ஸ்கார்பீன் ரக நீர்மூழ்கிகளில் முதலாவது.

ஐஎன்எஸ் என்று தொடங்குவதெல்லாம் மிதப்பதில்லை. கரையில் உள்ள நிலையங்களுக்கும் அதே முன்னொட்டுதான். தமிழ்நாட்டுத் தேர்வர்கள் தவறவிடவே கூடாதவை நான்கு. அரக்கோணத்தில் ராஜாளி, பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானங்களின் தளம். ராமநாதபுரம் உச்சிப்புளியில் பருந்து, அதுவும் விமானத் தளம். திருநெல்வேலி விஜயநாராயணத்தில் கட்டபொம்மன், மிகக் குறைந்த அதிர்வெண்ணில் நீர்மூழ்கிகளுக்குத் தகவல் அனுப்பும் நிலையம். சென்னையில் அடையாறு. 'கீழ்க்கண்டவற்றுள் கப்பல் அல்லாதது எது' என்ற கேள்வியில் இவற்றில் ஒன்று இருந்தால் மற்ற மூன்று பெயர் தெரியாவிட்டாலும் விடை கிடைத்துவிடும்.

கூட்டுப் பயிற்சிகளுக்கு வருவோம். பயிற்சியின் பெயரையும் நாட்டையும் மட்டும் இணைத்துப் படிப்பது பாதிப் படிப்பு. கேள்வி அமைப்பவர்கள் முப்படைகளையும் கலந்துதான் கொடுப்பார்கள். அதனால் நாட்டுக்கு ஒரு வரி, தரைப்படை, கடற்படை, விமானப்படை என மூன்று கட்டம் போட்டுப் படியுங்கள். பிரான்ஸ்: சக்தி, வருணா, கருடா. பிரிட்டன்: அஜேய வாரியர், கொங்கன், இந்திரதனுஷ். ஜப்பான்: தர்மா கார்டியன், ஜிமெக்ஸ், வீர் கார்டியன். இலங்கை: தரைப்படைக்கு மித்ர சக்தி, கடற்படைக்கு ஸ்லைனெக்ஸ். 'தோஸ்தி' கடற்படைப் பயிற்சி அல்ல. இந்தியா, மாலத்தீவு, இலங்கை மூன்றின் கடலோரக் காவல் படைகள் சேர்ந்து செய்வது. இதில் சறுக்குபவர்கள் ஏராளம்.

மலபார் கடற்படைக் கூட்டுப் பயிற்சியின் ஆண்டுகளை வரிசையாகத் தெரிந்துகொள்ளுங்கள்: 1992-இல் அமெரிக்காவுடன் தொடக்கம், 2015-இல் ஜப்பான் நிரந்தர உறுப்பு, 2020-இல் ஆஸ்திரேலியா இணைந்தது, 2023-இல் முதல் முறையாக ஆஸ்திரேலியாவே நடத்தியது. பல நாட்டுக் கடற்படைகள் கூடும் மிலன் பயிற்சி 1995-இல் அந்தமானில் தொடங்கி, 2022-இல் விசாகப்பட்டினத்துக்கு மாறியது. பயிற்சியையும் நடவடிக்கையையும் ஒன்றாக எண்ண வேண்டாம். 2024 மார்ச்சில் கடத்தப்பட்ட ரூயன் கப்பலை மடக்கி, 35 கொள்ளையரைச் சரணடைய வைத்து, 17 மாலுமிகளை மீட்டது ஐஎன்எஸ் கொல்கத்தா. அது பயிற்சியல்ல, உண்மையான நடவடிக்கை.

எழுத்துத் தேர்வுக்கு இவ்வளவு போதும். படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி நேர்முகத்தில் கடற்படையை முதல் விருப்பமாக எழுதியவரிடம் பெயரையும் ஆண்டையும் தாண்டிக் கேள்வி வரும். 'இந்தப் பயிற்சியில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?' என்ற சாதாரணக் கேள்விக்கே பலர் 'இரு நாட்டு உறவு வலுப்பெறும்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பயிற்சி பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கும். துறைமுகக் கட்டத்தில் திட்டக் கூட்டம், ஒருவர் கப்பலை மற்றவர் சென்று பார்ப்பது, துறை வல்லுநர் கலந்துரையாடல், விளையாட்டு. கடல் கட்டத்தில் துப்பாக்கிச் சூடு, நீர்மூழ்கி வேட்டை, ஒரு நாட்டு ஹெலிகாப்டர் மற்ற நாட்டுக் கப்பலில் இறங்குவது, சந்தேகக் கப்பலில் ஏறிச் சோதனையிடுவது, ஓடும்போதே எரிபொருள் மாற்றுவது.

கடைசியாகச் சொன்னதை மட்டும் ஆழமாகப் படித்து வையுங்கள், அதில் கடலோட்டத்தின் நுணுக்கம் முழுக்க இருக்கிறது. தீபக், சக்தி போன்ற எரிபொருள் கப்பல் திசையும் வேகமும் மாறாமல், ஏறக்குறைய 12 முதல் 15 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். போர்க்கப்பல் பின்னாலிருந்து வந்து பக்கவாட்டில் சில பத்து மீட்டர் இடைவெளியில் இணைந்துகொள்ளும். முதலில் மெல்லிய கயிறு ஒன்றைச் சுட்டு அனுப்புவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் தடித்த கயிறு வரும், அதன்பின் எஃகு வடம், அந்த வடத்தில் தொங்கியபடி எரிபொருள் குழாய். இடைவெளியைக் கண்ணால் பார்த்துச் சொல்ல, நிறத் துணிகள் கட்டிய தனிக் கயிறு ஒன்று இரு கப்பலுக்கும் நடுவே இருக்கும்.

ஆபத்து எங்கே? இரு உடல்களுக்கும் நடுவே தண்ணீர் வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைந்து, கப்பல்கள் ஒன்றையொன்று இழுக்கும். முன்முனைப் பகுதியிலோ அழுத்தம் கூடி விலக்கும். ஆகவே நெருங்கும்போது ஒரு பக்கம், இணைந்த பிறகு வேறு பக்கம் என்று சுக்கானைச் சிறுகச் சிறுகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். திருத்தம் ஒன்றிரண்டு பாகைதான். பெரிதாகத் திருப்பினால் வடம் அறும் அல்லது கப்பல்கள் உரசும். சுக்கான் பழுதானால் உடனே எரிபொருளை நிறுத்தி, குழாயைக் கழற்றி, அவசரமாக விலகும் முறையும் தயாராக இருக்கும். இதை ஒரு தாளில் படம் போட்டு விளக்கிப் பழகினால் நேர்முகத்தில் தடுமாற்றமே வராது.

இயந்திர அமைப்பிலும் 'ஏன்' என்பதைத்தான் கேட்பார்கள். கொல்கத்தா ரகத்தில் எரிவாயுச் சுழலிகளே (கேஸ் டர்பைன்) எல்லா வேகத்துக்கும். சிவாலிக்கிலும் 17ஏ-யிலும் டீசல் அல்லது சுழலி. இரண்டும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை. சுழலி குறைந்த வேகத்தில் எரிபொருளை அதிகம் தின்னும், அதனால் ரோந்துக்கு டீசல், துரத்தலுக்குச் சுழலி. அதேபோல, விமானம் தாங்கிக் கப்பல் விமானத்தை ஏற்றி இறக்கும்போது ஏன் காற்றை எதிர்த்துத் திரும்புகிறது என்று கேட்டால், காற்றின் வேகமும் கப்பலின் வேகமும் சேர்ந்து தளத்தின் மேல் கிடைப்பதால் விமானத்துக்குத் தேவையான ஓட்ட வேகம் குறைகிறது என்று சொல்ல வேண்டும். விக்ராந்தில் வளைந்து மேலெழும் முகப்பு ஏறுவதற்கு, குறுக்கே கட்டிய கம்பிகள் இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்த.

அலகுகளில் கவனம் தேவை. நாட் என்பதே மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். 'மணிக்கு 28 நாட்' என்று சொன்னால் அடிப்படை தெரியாதவர் என்று காட்டிக்கொடுத்துவிடும். எடை என்பது கப்பல் விலக்கும் நீரின் எடை, அது ஏற்றும் சரக்கின் எடை அல்ல. விக்ராந்துக்கு 43,000 டன், 45,000 டன் என்று இரண்டு எண்ணும் புழங்குகின்றன. நேர்முகத்தில் 'சுமார்' சேர்த்துச் சொல்லுங்கள். எழுத்துத் தேர்வில் இரண்டும் ஒரே கேள்வியின் விடைகளாக வர வாய்ப்புக் குறைவு.

படத்தைக் காட்டிக் கேட்டால் மூன்று இடத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள எண்: 'டி' என்றால் நாசகாரி, 'எஃப்' என்றால் பிரிகேட், 'ஆர்' என்றால் விமானம் தாங்கி. சென்னை டி65, விக்ராந்த் ஆர்11. அடுத்து முன்முனை: அங்கே தேசியக் கொடி பறந்தால் கப்பல் வழக்கமாகத் துறைமுகத்திலோ நங்கூரத்திலோ இருக்கிறது; ஓடும்போது அதை இறக்கிவிடுவார்கள். மூன்றாவது கடற்படைக் கொடி: சிவப்புச் சிலுவை இருந்தால் படம் 2022 செப்டம்பர் 2-க்கு முந்தையது. அன்றுதான் நீல எண்கோணத்துக்குள் நங்கூரம் கொண்ட புதிய கொடி வந்தது.

கடற்படை நாளான டிசம்பர் 4-ஐ ஒட்டிச் சில துறைமுகங்களில் கப்பல்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறப்பார்கள். போக முடிந்தால் போங்கள், ஒளிப்பட அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். விசாகப்பட்டினம் போகிறவர்கள் கடற்கரையில் இருக்கும் குர்சுரா நீர்மூழ்கி அருங்காட்சியகத்தை விடாதீர்கள். பழைய கல்வாரி ரகத்தைச் சேர்ந்தது அது. டார்பிடோ அறையிலிருந்து பின்பக்கம் வரை உள்ளே நடந்தே பார்க்கலாம். பேட்டரி எங்கே, டீசல் எங்கே, பெரிஸ்கோப் எங்கே என்று வரிசையாகக் குறித்துக்கொண்டு வந்தால் நீர்மூழ்கிப் பக்கம் நோட்டில் தானாக நிரம்பிவிடும்.