விடுதியில் தங்கிப் படிக்கும் கத்தோலிக்க மாணவர்: செபத்தோடு ஒரு நாளை ஓட்டும் விதம்

வீட்டில் இருந்தவரை அம்மாவோ பாட்டியோ கூப்பிட்டு உட்காரவைத்ததால் குடும்பச் செபம் நடந்தது. விடுதிக்கு வந்தபின் கூப்பிட ஆளில்லை. முதல் பருவத்திலேயே பலருக்குச் செபம் நழுவிப்போவது இதனால்தான். "தினமும் ஏழு மணிக்கு" என்று நேரம் குறித்தால், வகுப்பு அட்டவணை மாறிய வாரமே அது கலைந்துவிடும். எழுவது, மதிய இடைவேளை, விடுதிக்குத் திரும்பும் நடை, படுக்கை என்று எப்படியும் நடக்கிற காரியங்களோடு சேர்த்துவிட்டால் நிற்கும்.

எழுந்ததும் போனைத் தொடும் முன் சிலுவை அடையாளம், அந்த நாளைக் கடவுளுக்குக் கொடுக்கும் காலை அர்ப்பணச் செபம். ஒரு நிமிடம் போதும். போனைத் திறந்து அதில் செபத்தைத் தேட ஆரம்பித்தால் குறுஞ்செய்திகளிலேயே நேரம் போய்விடும். மனப்பாடமாக இருப்பதுதான் பாதுகாப்பு.

வாரநாள் திருப்பலி (பூசை) பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். மாணவர்கள் அதிகம் குழம்புவது நற்கருணை நோன்பில், அதாவது நற்கருணை வாங்கும் முன் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருப்பதில். ஒரு மணி நேரக் கணக்கு திருப்பலி தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல, நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்து. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. டீ, காபி கூடாது. ஆறரை மணிப் பூசையில் நற்கருணை ஆறு ஐம்பதுக்கு என்றால், ஐந்து ஐம்பதுக்குள் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். ஞாயிறு காலையில் தேர்வோ பயணமோ வந்தால் சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு திருப்பலிக் கடமையை நிறைவேற்றும். இது தெரியாமல் ஞாயிறை விட்டுவிடுபவர்கள் நிறைய.

திருப்பலியின் விவிலிய வாசகங்களை முந்தின இரவே படித்துவிட்டால் காலைத் தூக்கக் கலக்கத்திலும் காதில் விழும். பொதுக்கால வாரநாள்களில் முதல் வாசகம் ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படை ஆண்டுக்கு ஒன்று, நற்செய்தி மாறாது. பழைய வாசக நூல் வைத்திருப்பவர்கள் தப்பான பக்கத்தைப் படிப்பது இங்கேதான். ஆண்டைக் கணக்கிடும்போது ஒன்று: திருவழிபாட்டு ஆண்டு சனவரியில் அல்ல, கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறில் பிறக்கிறது.

மதியம் மூவேளைச் செபம்: மூன்று முன்மொழிகள், மூன்று 'அருள் நிறைந்த மரியே', ஒரு முடிவு மன்றாட்டு. சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே சொல்லிவிடலாம். பாஸ்கா (உயிர்ப்பு) காலத்தில் இதற்குப் பதிலாக 'விண்ணக அரசியே' செபம்.

செபமாலைக்கு விடுதி திரும்பும் நடைதான் எங்கள் அனுபவத்தில் சரியான இடம். ஐந்து பத்துமணிகளுக்கு (பத்து 'அருள் நிறைந்த மரியே' கொண்ட பகுதிகளுக்கு) சுமார் இருபது நிமிடம் ஆகும். தியானிக்கும் மறையுண்மைகள் (இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகள்) நாளுக்கேற்ப மாறும்: திங்கள், சனி மகிழ்ச்சி. செவ்வாய், வெள்ளி துயரம். புதன், ஞாயிறு மகிமை. வியாழன் 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தந்த ஒளியின் மறையுண்மைகள். நடை பத்து நிமிடம்தான் என்றால் இரண்டு பத்துமணிகளை அவசரமில்லாமல் சொல்லி, மீதியை இரவுக்கு வையுங்கள். படுக்கையில் படுத்துக்கொண்டு முழுச் செபமாலையையும் தொடங்கினால் இரண்டாவது பத்துமணியில் தூங்கிவிடுவோம்.

சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொள்வது நல்லது. பூசைக்குப் பத்து நிமிடம் முன் போனால் சாமியார் உடை அணிந்துகொண்டிருப்பார். முன்கூட்டியே நேரம் கேளுங்கள். கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு நாளாயிற்று என்று சொல்லுங்கள். சாவான (கனமான) பாவங்களை, என்ன பாவம், எத்தனை முறை என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். அறைத்தோழர் செய்ததை விவரிக்கத் தொடங்கினால் அது புகாராகிவிடும். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனத்துயர் செபம் மறந்துபோனால் தயங்காமல் சாமியாரிடம் சொல்லலாம், அவர் சொல்லிக்கொடுப்பார். உண்மையாகவே மறந்துபோன சாவான பாவமும் மன்னிக்கப்படுகிறது. அடுத்த முறை அதைச் சொன்னால் போதும். கொடுத்த பரிகாரத்தைக் கோவிலை விட்டுப் போகும் முன்பே செய்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் மறந்துவிடும்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் விடுதி மாணவர்களுக்குச் சிக்கல். 14 வயது நிறைந்தால் இறைச்சி தவிர்க்க வேண்டும். 18 நிறைந்தால் ஒருசந்தியும் சேர்கிறது. முழுச் சாப்பாடு ஒரு வேளைதான், காலையிலும் மாலையிலும் கொஞ்சம் உண்ணலாம். பலருக்கு இந்தக் கடமை கல்லூரியில்தான் முதன்முதலாக வருகிறது. உணவுக்கூடத்தில் முந்தின நாளே சொல்லிவைக்காவிட்டால் அன்றைக்கு இறைச்சி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். நோயாளிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. உடம்பு முடியாதபோது பிடிவாதம் வேண்டாம்.

இரவில் ஐந்து நிமிட ஆன்ம சோதனை. நன்றி சொல்லி, ஒளி கேட்டு, அன்றைய பொழுதை மணிவாரியாகத் திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு ஒன்றைத் தீர்மானிப்பது புனித இஞ்ஞாசியாரின் முறை. குறையை மட்டும் தேடினால் நாளடைவில் இது வெறுத்துப்போகும். நன்றியில் தொடங்குவது அதனால்தான் முக்கியம். பிறகு திருப்புகழ்மாலையின் (திருச்சபையின் அன்றாட வேளைச் செபங்களின்) இரவுச் செபம். ஞாயிறு இரவுக்குரிய திருப்பாடலையே எந்த நாளிலும் சொல்லத் திருச்சபை அனுமதிக்கிறது. அந்தத் திருப்பாடல் 91ஐயும் சிமியோன் பாடலையும் மனப்பாடம் செய்துவிட்டால் விளக்கை அணைத்தபின்னும் சொல்லலாம், அறைத்தோழருக்கும் தொந்தரவில்லை.

தேர்வு வாரத்தில் வாரநாள் திருப்பலி முடியாமல் போகலாம், செபமாலை ஒரு பத்துமணியாகச் சுருங்கலாம். ஞாயிறு திருப்பலி, காலை அர்ப்பணம், ஆன்ம சோதனை ஆகிய மூன்றையும் மட்டும் தொடாதீர்கள். தேர்வு முடிந்த அன்றே மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்குப் பிறகு என்று ஒத்திவைத்தால் அடுத்த பருவத் தேர்வே வந்துவிடும்.