பொருள் மாறாமல் மாற்றுக

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் வாக்கியத்தை மாற்றி எழுதும் கேள்வி ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். ஆக்டிவ் வாய்ஸை (செய்வினை) பாஸிவ் (செயப்பாட்டுவினை) ஆக்கு, டைரக்ட் ஸ்பீச்சை (நேர்க்கூற்று) இன்டைரக்ட் (அயற்கூற்று) ஆக்கு, சிம்பிள் வாக்கியத்தைக் காம்ப்ளெக்ஸ் ஆக்கு. ஓசூரில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கும் எனக்கு, பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் வேலையே இதுதான். பிள்ளைகளுக்கும் இந்தப் பகுதி பிடிக்கும். பாடத்தின் கதை தெரிய வேண்டாம், செய்யுள் மனப்பாடம் வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு வைத்துக்கொண்டால் போதும். ‘தோ’ (இருந்தாலும்) வந்தால் காம்பவுண்ட் வாக்கியத்துக்கு ‘பட்’, சிம்பிளுக்கு ‘இன் ஸ்பைட் ஆஃப்’. ‘பிகாஸ்’ வந்தால் ‘அண்ட் ஸோ’, ‘பிகாஸ் ஆஃப்’. (ஆங்கில வாக்கியங்களையெல்லாம் இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். என் பிள்ளைகள் நோட்டில் உச்சரிப்புக்காக எழுதிக்கொள்வதும் இப்படித்தான்.)

கட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் ஆங்கிலம் காதிலேயே விழாத பிள்ளைக்கு அது ஒரு கைப்பிடி. ஆனால் கேள்வி கேட்பது பொருள் மாறாமல் மாற்றச் சொல்லி. வடிவத்தை மாற்றக் கட்டம் கற்றுக்கொடுக்கும். பொருள் மாறியதா என்று பார்க்கக் கற்றுக்கொடுக்காது. அதற்கு நான் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். முதல் வாக்கியம் உண்மையாகவும் மாற்றி எழுதியது பொய்யாகவும் இருக்கும்படி ஒரு நிலைமையைச் சொல்ல முடியுமா? முடிந்தால் பொருள் மாறிவிட்டது என்று அர்த்தம்.

‘இஃப் யூ ஸ்டடி வெல், யூ வில் பாஸ்.’ இதை ‘அன்லெஸ்’ போட்டு மாற்றச் சொன்னால் பலரும் கண்ணை மூடிக்கொண்டு ‘அன்லெஸ் யூ ஸ்டடி வெல், யூ வில் நாட் பாஸ்’ என்று எழுதுவார்கள். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. பொருள்தான் தலைகீழ். முதலாவது உத்தரவாதம்: நன்றாகப் படி, தேர்ச்சி நிச்சயம். இரண்டாவது நிபந்தனை: படிக்காவிட்டால் தேர்ச்சி கிடையாது. படித்தால் என்ன ஆகும் என்று அது வாயே திறக்கவில்லை. விழுந்து விழுந்து படித்தும் கோட்டை விட்ட ஒருவன் முதல் வாக்கியத்தைக் காட்டி என்னிடம் சண்டைக்கு வரலாம். இரண்டாவதைக் காட்டி வர முடியாது. புத்தகத்தையே திறக்காமல் எப்படியோ தேறிவிட்டவனால் முதல் வாக்கியத்துக்குச் சேதம் இல்லை, இரண்டாவது பொய்யாகிவிடும். ‘இஃப் யூ டு நாட் ஸ்டடி வெல், யூ வில் ஃபெயில்’ என்று கொடுத்திருந்தால் ‘அன்லெஸ்’ பிசகில்லாமல் உட்காரும். டியூஷன் சென்டர் பேனர் அடிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும் என்று நினைக்கிறேன். பேனரில் முதல் வாக்கியம் இருக்கும். ரிசல்ட் வந்த பிறகு பெற்றோர் கேட்கப் போனால் இரண்டாவதைத்தான் பேசுவார்கள்.

டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன், அதாவது ஒப்பிட்டுச் சொல்லும் வாக்கியங்கள் பகுதியில் இந்த வேடிக்கை இன்னும் அதிகம். ‘சென்னை இஸ் பிக்கர் தேன் எனி அதர் சிட்டி இன் தமிழ்நாடு’ என்பதில் ‘அதர்’ விட்டுப்போனால் மதிப்பெண் போகும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம். ஏன் என்று சொல்வதில்லை. சென்னையும் தமிழ்நாட்டு நகரம்தானே? ‘அதர்’ இல்லாவிட்டால் சென்னை சென்னையை விடப் பெரியது என்றாகிவிடும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அப்புறம் மறக்க மாட்டார்கள்.

‘ஒன் ஆஃப் த’ ரகம் வேறு மாதிரி. ‘ஹி இஸ் ஒன் ஆஃப் த பெஸ்ட் ஸ்டூடன்ட்ஸ் இன் த கிளாஸ்.’ கட்டத்தின்படி கம்பாரடிவ் ‘ஹி இஸ் பெட்டர் தேன் மோஸ்ட் அதர் ஸ்டூடன்ட்ஸ்’. 45 பேர் இருக்கும் வகுப்பில் 22வது ரேங்க் வாங்குபவனை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் பின்னால் 23 பேர், முன்னால் 21 பேர். பெரும்பாலானவர்களை விட அவன் மேல்தான், எண்ணிப் பார்த்தால் பொய்யில்லை. ஆனால் வகுப்பின் சிறந்த மாணவர்களில் ஒருவன் என்று அவனை யாராவது சொல்வார்களா? அவனே சொல்லிக்கொள்வான், வீட்டில். இதே வாக்கியத்தின் பாஸிடிவ் வடிவம் ‘வெரி ஃப்யூ ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆஸ் குட் ஆஸ் ஹிம்’. அது ‘ஒன் ஆஃப் த பெஸ்ட்’டுக்கு எவ்வளவோ நெருக்கம். மூன்றையும் ஒரே வரிசையில் கட்டம் போட்டு அடைத்ததில் நடுவில் இருப்பது மட்டும் கொஞ்சம் மலிவாகிவிட்டது.

‘ரவி இஸ் ஆஸ் ஸ்ட்ராங் ஆஸ் ராஜு.’ இதற்குக் கட்டம் தரும் விடை ‘ராஜு இஸ் நாட் ஸ்ட்ராங்கர் தேன் ரவி’. ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “அப்ப ராஜு ரவியைவிட பலம் கம்மியாவும் இருக்கலாமே மிஸ்?” இருக்கலாம். கேள்வியில் இரண்டு பேரும் சமம் என்றுதானே காதில் விழுகிறது; விடையில் சமமும் இருக்கலாம், ராஜு ஒரு படி கீழேயும் இருக்கலாம். சரி, கட்டம் தப்பா என்றால் அதுவும் இல்லை. ‘ரவி ராஜு அளவுக்குப் பலசாலி, சொல்லப்போனால் அவனைவிட அதிகம்’ என்று முரண்பாடில்லாமல் பேசலாம். அதாவது ‘ஆஸ் ஸ்ட்ராங் ஆஸ்’ கறாராகச் சொல்வது ‘அந்த அளவுக்காவது’ என்பதை மட்டும்தான். சமம் என்பது கேட்பவர் சேர்த்துக்கொள்வது. கறாராகப் பார்த்தால் இரண்டும் ஒன்று, காதுக்கு வேறு. அவளுக்கு இந்தப் பதில் திருப்தி தரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வாய்ஸ் பகுதியில் பொருள் மாறாது என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். ராமன் ராவணனைக் கொன்றான், ராவணன் ராமனால் கொல்லப்பட்டான். எப்படிச் சொன்னாலும் செத்தது ராவணன்தான். ஆனால் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1957இலேயே ஒரு வாக்கியத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். அறையில் உள்ள எல்லோருக்கும் குறைந்தது இரண்டு மொழிகள் தெரியும் என்ற ஆங்கில வாக்கியத்தைப் பாஸிவ் ஆக்கினால், ‘அட் லீஸ்ட் டூ லாங்க்வேஜஸ் ஆர் நோன் பை எவ்ரிஒன் இன் த ரூம்’ என்று வரும். ஒருவருக்கு பிரெஞ்சும் ஜெர்மனும், இன்னொருவருக்கு ஸ்பானிஷும் இத்தாலியனும் மட்டும் தெரிந்தால் முதலாவது உண்மை, இரண்டாவது பொய் ஆகலாம் என்றார்.

இந்த உதாரணத்துக்கு ஐரோப்பா வரை போகவே வேண்டாம், ஓசூர் போதும். என் மாடியில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்திக்கு வீட்டில் தெலுங்கு, ஒருவனுக்குக் கன்னடம், இன்னொருவனுக்கு உருது. வெளியில் தமிழ். தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் புண்ணியத்தில் தெலுங்கு பேசுவார்கள். ஆக எல்லோருக்கும் இரண்டு மொழி தெரியும். பாஸிவ் வாக்கியமோ, அறை முழுக்கத் தெரிந்த பொது மொழிகள் இரண்டு இருக்கின்றன என்பது போல ஒலிக்கிறது. எங்களுக்குப் பொது தமிழ் ஒன்றுதான். ஆங்கிலத்தையும் சேர்க்கலாமே என்று ஒருவன் சொன்னான். தெரிந்திருந்தால் இங்கே ஏன் வருகிறாய் என்றேன்.

‘ஓபன் த டோர்’ என்பதை ‘லெட் த டோர் பி ஓபன்ட்’ என்று மாற்றுவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தேர்வுத்தாளுக்கு வெளியே ராஜாக்கள் மட்டும் அப்படிப் பேசியிருக்கலாம்.

சிம்பிள் வாக்கியமாக மாற்றும்போது ‘பீயிங்’ போட்டால் வேலை முடிந்தது என்று ஒரு நம்பிக்கை உண்டு. ‘ஆஸ் இட் வாஸ் எ ரெயினி டே, த ஸ்கூல் வாஸ் க்ளோஸ்ட்’ என்பது ‘பீயிங் எ ரெயினி டே, த ஸ்கூல் வாஸ் க்ளோஸ்ட்’ ஆகிவிடும். இப்போது மழை நாளாக இருப்பது பள்ளிக்கூடம். முன்னால் ஒரு ‘இட்’ போட்டு ‘இட் பீயிங் எ ரெயினி டே’ என்று எழுதினால் பள்ளிக்கூடம் தப்பிக்கும்.

இன்டைரக்டில் ‘டுமாரோ’ வந்தால் ‘த நெக்ஸ்ட் டே’ என்று கட்டத்தில் இருக்கிறது. அது யார், எப்போது திருப்பிச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. காலையில் எலக்ட்ரீஷியன் போனில் நாளைக்கு வருவதாகச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அதை அன்று சாயங்காலமே ஆங்கிலத்தில் சொன்னால் ‘டுமாரோ’ அப்படியே நிற்கலாம். நாளை இன்னும் நாளைதானே? ஒரு வாரம் கழித்துச் சொன்னால்தான் ‘த நெக்ஸ்ட் டே’ வேண்டும். கேள்வித்தாள் எப்போது என்று சொல்வதில்லை, அதனால் எல்லாவற்றையும் பழைய கதையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். எங்கள் எலக்ட்ரீஷியன் விஷயத்தில் ‘டுமாரோ’வும் நடக்கவில்லை, ‘த நெக்ஸ்ட் டே’யும் நடக்கவில்லை, அது வேறு.